தவறு செய்த தெய்வங்கள்: யொருபா ஒரிஷாக்களின் கதைகள் எதைச் சொல்கின்றன?

லேகோஸ் நகரின் மரினா சாலையில், நைஜீரியாவின் பழைய மின்வாரியத் தலைமை அலுவலகத்துக்கு முன்னால் ஒரு வெண்கலச் சிலை உண்டு. பென் என்வொன்வு என்ற புகழ்பெற்ற சிற்பி 1964-இல் செய்து கொடுத்தது. கையில் கோடரியோடு நிற்கும் அந்த உருவம் ஷாங்கோ. யொருபா மக்களுக்கு இடியும் மின்னலும் அவருடையவை. மின்சாரம் விற்கும் இடத்தில் மின்னலின் அதிபதி காவல் நிற்பது பொருத்தமாகத்தான் தோன்றும், அவருடைய கதை தெரியாதவரை. (அந்த வாரியத்துக்குப் பிற்காலத்தில் 'நெப்பா' என்று சுருக்கப் பெயர் வந்தது. 'எப்போதும் மின்சாரம் வரும் என்று எதிர்பார்க்காதே' என்பதுதான் அதன் விரிவு என்று நைஜீரியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஷாங்கோவும் கூடவே சிரித்திருப்பார்.)

கதை இது. ஷாங்கோ, ஓயோ நாட்டின் அரசர். மரபுப் பட்டியலில் நான்காமவர். மின்னலை வரவழைக்கும் மருந்து ஒன்று அவர் கைக்கு வந்தது. பலிக்கிறதா என்று பார்த்துவிட நினைத்தவர், அரண்மனைக்கு அருகிலிருந்த குன்றில் ஏறி நின்று ஏவினார். பலித்தது. மின்னல் அவருடைய அரண்மனை மேலேயே விழுந்தது. மனைவியரிலும் பிள்ளைகளிலும் பலர் எரிந்து மாண்டார்கள். மனம் உடைந்த அரசர் நாட்டை விட்டுக் கிளம்பினார். உடன் வந்தவர்கள் வழியில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரு மரத்தில் தூக்கிட்டுக்கொண்டார். ஊர் கேலி பேசியது. பேசியவர்களின் கூரைகளில் மின்னல் விழத் தொடங்கியது. 'ஒபா கோ சோ', அதாவது 'அரசர் தொங்கவில்லை' என்று அவருடைய ஆட்கள் சாதித்தார்கள். அந்த மறுப்புதான் இன்றும் அவருக்குத் துதி.

ஒரு சோதனையில் தன் வீட்டையே கொளுத்திக்கொண்டவரைத் தெய்வமாக வணங்குகிறார்கள். அதைவிட வியப்பு, கொளுத்திக்கொண்டதை மறைக்காமல் பாடுகிறார்கள்.

இணையத்தில் ஒரிஷாக்கள் என்ற இந்த யொருபா தெய்வங்களைப் பற்றித் தேடினால் வேறு வகைச் சரக்குதான் முதலில் வரும். 'உங்கள் ஒரிஷா யார்?' என்ற வினாடி வினா; ஓஷுன் என்றால் தன்னம்பிக்கை, ஓகுன் என்றால் உழைப்பு, ஷாங்கோ என்றால் தலைமைப் பண்பு என்று ராசிபலன் போலப் பங்கிட்டுத் தரும் பட்டியல். அதைப் படித்துவிட்டு மூலக் கதைகளுக்குப் போனால் திகைத்துப் போவோம். கதைகளில் இந்தத் தெய்வங்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள். கோபத்தில் சொந்த ஜனங்களையே வெட்டுகிறார்கள். மனைவியைத் துரத்திவிட்டுத் தேடி அலைகிறார்கள். யொருபா மரபு அன்றாட வாழ்க்கைக்கு ஏதாவது சொல்கிறது என்றால், அது இந்தத் தவறுகளின் வழியாகத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். தவறை என்ன செய்வது என்பதில் அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது.

கொஞ்சம் பின்னணி. யொருபா மக்கள் தென்மேற்கு நைஜீரியாவிலும், அதை ஒட்டிய பெனின், டோகோ நாடுகளிலும் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள். உலகம் தோன்றிய இடம் இலே-இஃபே நகரம் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஒலொடுமாரே என்ற பரம்பொருள். அவருக்குக் கோயில் கட்டும் வழக்கம் இல்லை. அவருக்கும் மனிதருக்கும் நடுவே ஒரிஷாக்கள். மொத்தம் 401 என்பார்கள். நானூறு என்பது ஏராளம் என்பதற்கு, அந்தக் கூடுதல் ஒன்று இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்பதற்கு. இன்று யொருபா மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள். ஒரே குடும்பத்தில் இரண்டும் இருப்பது அங்கே சாதாரணம். இருந்தும் பழைய தெய்வங்கள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. ஆகஸ்ட் 20 'இஷேஷே' நாள், மூத்த மரபின் நாள். அண்மை ஆண்டுகளில் தென்மேற்கு மாநிலங்கள் சில அதற்குப் பொது விடுமுறை விடுகின்றன.

ஓகுன் இரும்பின் தெய்வம். தெய்வங்கள் முதன்முதலில் மண்ணுக்கு இறங்கியபோது வழியை அடர்காடு மறித்தது. மற்றவர்களின் கருவிகள் மழுங்கின. ஓகுனின் இரும்பு அரிவாள் மட்டும் பாதை வெட்டியது. அதனால் கொல்லர், வேட்டைக்காரர், அறுவை மருத்துவர், லாரி ஓட்டுநர், மெக்கானிக் என இரும்பைத் தொட்டுப் பிழைக்கும் எல்லாரும் அவர் ஆட்கள். நைஜீரிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் பைபிளின் மேலோ குர்ஆனின் மேலோ சத்தியம் செய்யலாம்; மரபு வழிபாட்டினர் ஓர் இரும்புத் துண்டின் மேல் செய்யலாம். அரசியல்வாதிகளையும் இரும்பின் மேல் பதவிப் பிரமாணம் எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் பதவியே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள் என்று அங்கே அடிக்கடி பேசிக்கொள்வார்கள். ஓகுன் உடனே வெட்டிவிடுவார் என்ற பயம் அப்படி.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஏகிட்டிப் பகுதியில் இரே என்று ஓர் ஊர். நெடுநாள் போரில் இருந்துவிட்டு ஓகுன் அங்கே வருகிறார். பசி, அதைவிடத் தாகம். ஊர்க்கூட்டம் நடக்கிறது, கள் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. வணக்கம் சொல்கிறார், யாரும் வாய் திறக்கவில்லை. குடத்தைத் தூக்குகிறார், காலி. வெறுங்குடத்தை நிறுத்திவைத்து, முகம் பார்த்தும் பேசாமல், தன்னை அவமதிக்கிறார்கள் என்று வாளை உருவி வெட்டித் தள்ளிவிட்டார். பிறகுதான் தெரிந்தது: அன்று அந்த ஊரில் மௌனச் சடங்கு. யாரும் யாரோடும் பேசக்கூடாத நாள். ஓகுன் வாளைத் தரையில் ஊன்றினார்; நிலம் பிளந்தது; உள்ளே இறங்கிப் போய்விட்டார்.

பதில் வராத ஒரு வணக்கத்துக்கு இத்தனை உயிர்கள். அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்துவிட்டும் பதில் போடவில்லையே என்று இரவெல்லாம் புழுங்கியவர்களுக்கு ஓகுன் அந்நியர் அல்லர். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு விஷயம். காடு திறந்ததும் ஊரை அறுத்ததும் ஒரே இரும்புதான். துதிப்பாடல்கள் முதலாவதைப் பாடிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதில்லை. வீட்டில் தண்ணீர் இருக்கும்போது இரத்தத்தில் குளிப்பவர் என்று அவரைப் புகழ்ந்தே பாடுகிறார்கள். அந்தப் புகழில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

ஒபாட்டாலாவின் தவறு இன்னும் நெருடலானது. உலகைப் படைக்கும் பொறுப்பு முதலில் அவருக்குத்தான் தரப்பட்டது. வழியில் பனங்கள் குடித்துத் தூங்கிவிட்டார். ஒடுடுவா என்ற இன்னொரு ஒரிஷா, படைப்புக்காகத் தரப்பட்ட பையை எடுத்துக்கொண்டு போய், நீரின் மேல் மண்ணைக் கொட்டி, ஐந்து விரல் கொண்ட கோழியை விட்டுச் சீய்க்கச் செய்து நிலத்தை உண்டாக்கினார். ஒபாட்டாலாவுக்கு மனித உடல்களைக் களிமண்ணில் வனையும் வேலை மிஞ்சியது. அதையும் ஒருநாள் கள் மயக்கத்தில் செய்தார். கூன் விழுந்தவர்களும், பார்வை இல்லாதவர்களும், தோல் வெளுத்தவர்களும் அன்று உருவானார்கள் என்கிறது கதை. தெளிந்ததும் தன் கைவேலையைப் பார்த்தார். இனி கள்ளைத் தொடுவதில்லை என்று விலக்கினார். அப்படிப் பிறக்கும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பொறுப்பு என்று ஏற்றார்.

உடற்குறையைப் 'படைப்பவரின் பிழை' என்று சொல்வது இன்றைய காதுக்கு உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பழி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பிறந்தவரின் முன்வினை என்றோ, பெற்றவளின் பாவம் என்றோ கதை சொல்லவில்லை. தவறு முழுக்கத் தெய்வத்தின் தலையில். அதனால்தான் அவர்களை 'ஒரிஷாவின் ஆட்கள்' என்று அழைத்தார்கள். அவர்களைக் கேலி செய்வது ஒபாட்டாலாவைக் கேலி செய்வதாகும். அவருடைய அடியார்கள் இன்றும் வெள்ளை உடுத்துகிறார்கள், கள்ளைத் தொடுவதில்லை, அவர் சன்னிதியில் தெளிந்த நீரை வைக்கிறார்கள். தெய்வம் ஒருமுறை செய்த தவறு, அடியாருக்கு நிரந்தர விலக்காகிவிட்டது. யொருபாவில் இதற்கு 'ஏவோ' என்று பெயர்; செய்யக்கூடாதது என்று பொருள். ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் இப்படி விலக்குகள் உண்டு. கிளறிப் பார்த்தால் பலவற்றின் அடியில் ஒரு பழைய காயம் இருக்கும். நான் முறை என்று சொன்னது இதைத்தான். வருத்தம் தெரிவித்துவிட்டு மறந்துவிடாமல், தவறை ஒரு பழக்கமாக மாற்றி உடம்பிலும் உடுப்பிலும் சாப்பாட்டிலும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இந்தத் தவறுகளெல்லாம் சேர்ந்து கிடக்கும் களஞ்சியம் ஒன்று உண்டு. அதன் பெயர் இஃபா. யுனெஸ்கோ 2008-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. குறி சொல்வது என்று சுருக்கிவிடலாம். நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் அந்தச் சுருக்கம் போதாது என்று தெரியும்.

குறி பார்ப்பவர் பபலாவோ, 'மறைபொருளின் தந்தை'. வருபவர் தன் கவலையை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாணயத்தை வாயருகே வைத்து அதனிடம் முணுமுணுத்துவிட்டுக் கீழே வைத்தால் போதும். பபலாவோ பதினாறு பனங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து மறு கையால் அள்ளுகிறார். பழைய கையில் ஒன்று மிஞ்சினால், மரத்தட்டில் பரப்பிய பொடியில் இரண்டு கோடு. இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. எட்டு முறை பதிவானதும் ஒரு வடிவம் கிடைக்கிறது. அப்படி மொத்தம் 256 வடிவங்கள், 'ஒடு' என்று பெயர். ஒவ்வொரு ஒடுவுக்கும் ஏராளமான பாடல்கள். சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள் மனப்பாடம் செய்தவை. வந்த வடிவத்துக்குரிய பாடல்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, கேட்பவர் ஓர் இடத்தில் 'இது என் கதை' என்று நிறுத்துகிறார்.

அந்தப் பாடல்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இன்னார் இன்னாருக்குக் குறி பார்த்தார். இந்த ஊருக்குக் கிளம்பிய நாளில் பார்த்தார். இன்ன பலி கொடு என்றார். அவன் கேட்டான், அல்லது கேட்கவில்லை. பின் இது நடந்தது. வழக்கறிஞர் முன்தீர்ப்புகளைப் புரட்டுவது போலத்தான். குறி கேட்க வந்தவர்களின் வரிசையில் மனிதர்கள் மட்டுமில்லை, விலங்குகளும் மரங்களும் ஒரிஷாக்களும் இருக்கிறார்கள். போகாதே என்று குறி சொல்லியும் ஒபாட்டாலா ஷாங்கோவைப் பார்க்கக் கிளம்புகிறார். வழியில் எஷு என்ற குறும்புக்கார ஒரிஷா மூன்று முறை அவருடைய வெள்ளைத் துணியைக் கறையாக்குகிறார். குதிரைத் திருடன் என்று பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடக்கிறார். நாட்டில் மழை பொய்க்கிறது. ஏன் என்று தெரியாமல் ஷாங்கோவும் குறிகாரரைத் தேடுகிறார். தெய்வத்துக்கே அறிவுரை தேவைப்படும் உலகம் இது.

எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் கதை ஓஷுனுடையது. ஒசொக்போ ஊரில் ஓடும் ஆறு அவர். அந்த ஆற்றங்கரையில் 75 ஹெக்டேர் புனிதக் காடு. ஆஸ்திரியாவிலிருந்து வந்து அங்கேயே தங்கி 2009-இல் மறைந்த ஓவியர் சூசன் வெங்கரும் உள்ளூர்க் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய சிற்பங்கள் அதன் நடுவே நிற்கின்றன. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆகஸ்டு விழாவில் 'அருக்பா' என்ற இளம்பெண் பூசைப் பொருள்கள் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து, அரண்மனையிலிருந்து ஆற்றுக்கு நடக்கிறாள். அவள் கால் இடறக்கூடாது. ஊரே அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும்.

கதைக்கு வருகிறேன். உலகத்தை நடத்த ஒலொடுமாரே பதினேழு பேரை அனுப்பினார். பதினாறு பேர் ஆண்கள், பதினேழாவது ஓஷுன். பதினாறு பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள், ஓஷுனை அழைக்கவில்லை. எதுவும் கைகூடவில்லை. மழை இல்லை, விளைச்சல் இல்லை, சொன்ன வார்த்தை பலிக்கவில்லை. மேலே போய் முறையிட்டார்கள். 'பதினேழாவது ஆள் எங்கே?' என்பதுதான் அங்கே கிடைத்த முதல் கேள்வி. திரும்பி வந்து ஓஷுனிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இங்கே முடித்துவிட்டால் அலுவலகச் சுவரில் மாட்டும் வாசகம் ஆகிவிடும். இணையக் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் முடிக்கின்றன. பாடலோ மேலே போகிறது. ஓஷுன் அப்போது கர்ப்பம். 'பிறப்பது ஆணாக இருந்தால் அவன் உங்களோடு கூட்டத்தில் உட்காருவான்; பெண்ணாக இருந்தால் உங்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை' என்கிறார். பதினாறு பேரும் பதறிப்போய் ஆண் குழந்தை வேண்டும் என்று தங்கள் சக்தியையெல்லாம் கருவின் மேல் செலுத்துகிறார்கள். ஆண்தான் பிறக்கிறான்; அவன்தான் எஷு என்றும் ஒரு மரபு. ஆக, இத்தனைக்கும் பிறகு கூட்டத்தில் இடம் கிடைத்தது மகனுக்கு. மன்னிப்பு வந்தது, நாற்காலி வரவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லிக்கொள்ளும் எத்தனையோ குழுக்களின் உள்கதையை இந்தப் பழம்பாடல் எப்போதோ பார்த்துவிட்டது.

எஷுவைப் பற்றிச் சொல்லும்போது ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். சாமுவேல் அஜயி கிரௌதர் சிறுவனாக 1821-இல் அடிமை வியாபாரிகளிடம் அகப்பட்டு, மீட்கப்பட்டு, 1864-இல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர். யொருபா பைபிளுக்கு அடித்தளம் இட்டவர். அந்த மொழிபெயர்ப்பில் சாத்தானுக்கு வைத்த சொல் 'எஷு'. வழிச்சந்திகளின் காவலர், பலியை மேலே கொண்டு சேர்க்கும் தூதர், சந்தை வாசலில் செம்மண்கல் உருவில் பனையெண்ணெய் வாங்கிக்கொள்பவர் ஒரே நாளில் நரகத்தின் அதிபதி ஆனார். 'எஷு சாத்தான் அல்லர்' என்று மரபினர் இன்றும் ஊர்வலம் போகிறார்கள்.

அவர் செய்வது குறும்பு. பக்கத்துப் பக்கத்து வயல்களில் இரண்டு நண்பர்கள். சாகும்வரை பிரிய மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். சத்தியம் செய்யும்போது எஷுவுக்கு ஒரு பங்கு வைக்க மறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமாக ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு எஷு இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் நடந்து போனார். 'கறுப்புத் தொப்பிக்காரரைப் பார்த்தாயா?' 'கறுப்பா? வெள்ளை!' வாய்ச்சண்டை கைகலப்பானது. எஷு வந்து தொப்பியைக் கழற்றிக் காட்டியபோது இருவர் சொன்னதும் சரி. அவர்களைச் சண்டைக்கு இழுத்தது பொய்யன் ஒருவன்கூட இல்லை. வரப்பைத் தாண்டி மறுபக்கம் போய்ப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தெய்வங்கள் கடல் கடந்ததும் ஒரு கொடுமையின் வழியாகத்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு சரிந்தபோது உள்நாட்டுப் போர்களில் பிடிபட்டவர்கள் பிரேசிலின் பாஹியாவுக்கும் கியூபாவுக்கும் விற்கப்பட்டார்கள். கியூபாவில் ஷாங்கோ, கத்தோலிக்கர்களின் புனித பார்பராவின் படத்துக்குள் ஒளிந்துகொண்டார். ஆறாக இருந்த யெமோஜா பிரேசிலில் கடலானார்; பிப்ரவரி 2 அன்று சால்வடோர் நகரத்து மீனவர்கள் பூவும் வாசனைத் தைலமும் படகில் கொண்டுபோய் அவருக்குக் கொடுக்கிறார்கள்.

இத்தனை தெய்வங்கள் இருந்தும் யொருபாக்காரர் அவர்களிடம் குழைவதில்லை. 'ஒரிஷாவே, என்னைத் தூக்கிவிட முடியாவிட்டால், வந்தபோது இருந்தபடியே விட்டுவிடு' என்பது பழமொழி. இன்னொன்று, மனிதர் இல்லையென்றால் ஒரிஷாவும் இல்லை என்கிறது. ஒருவருக்கு உண்மையில் துணை நிற்கும் தெய்வம் அவருடைய 'ஒரி'. ஒரி என்றால் தலை. வெளியே தெரியும் தலை அல்ல, உள்ளே இருக்கும் தலை. அதன் சம்மதம் இல்லாமல் எந்த ஒரிஷாவும் யாருக்கும் நன்மை செய்ய முடியாது. தலையெழுத்து என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் கருத்து. ஆனால் இங்கே யாரோ எழுதுவதில்லை. பிறப்பதற்கு முன் நாமே போய்த் தலையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருகிறோம். தலைகளைச் செய்பவர் அஜாலா என்ற குயவர். கை தேர்ந்தவர், ஆனால் பொறுப்பில்லாதவர், ஊரெல்லாம் கடன். சில தலைகள் சரியாக வேகாதவை, சில விரிசல் விட்டவை. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

மூன்று நண்பர்கள் பூமிக்குக் கிளம்பினார்கள். ஓகுனின் மகன் ஒரிசேகு, இஜாவின் மகன் ஒரிலேமேரே, குறிகளின் தெய்வமான ஒருன்மிலாவின் மகன் அஃபுவாபே. முதல் இருவரும் நேரே அஜாலாவின் வீட்டுக்குப் போனார்கள். அவர் இல்லை. காத்திருக்கப் பொறுக்காமல், பார்க்க அழகாக இருந்த தலைகளை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழியில் மழை பிடித்தது. வேகாத மண் கரைந்தது. பூமியில் கால் வைக்கும்போது தலைகள் தேய்ந்துபோயிருந்தன.

அஃபுவாபே தாமதமாக வந்தான், தந்தையிடம் குறி பார்த்துவிட்டு. கையில் கொஞ்சம் பணமும் உப்பும் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். எதற்கென்று அவனுக்கும் தெரியாது. வழியில் ஒரு வாயிற்காவலர் சாம்பலைப் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். உப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அஃபுவாபே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான். ருசி பார்த்த காவலர் அவனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்: அஜாலா வீட்டில்தான் இருக்கிறார், கடன்காரருக்குப் பயந்து பரண்மேல் ஒளிந்திருக்கிறார். அஃபுவாபே போனபோது கடன்காரர் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த பணத்தைக் கொடுத்து அனுப்பினான். பரணிலிருந்து இறங்கி வந்த குயவர், ஒவ்வொரு தலையாக இரும்புத் தடியால் தட்டிப் பார்த்து, நன்றாக வெந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் மேலும் மழை பெய்தது. ஒன்றும் ஆகவில்லை.

பூமியில் அஃபுவாபே வீடு கட்டினான், பிள்ளைகள் பெற்றான், பட்டம் வாங்கினான். மற்ற இருவரும் அவனைப் பார்த்து அழுதார்கள்: நல்ல தலை எங்கே கிடைக்கிறது என்று தெரிந்திருந்தால் நாங்களும் அங்கேயே போயிருப்போமே! மூவரும் தலை எடுத்தது ஒரே வீட்டில்தான், விதிதான் ஒன்றாக அமையவில்லை என்று அவன் பதில் பாடினான். உப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.